ஸ்காபரோ ரூஜ் றிவர்: இல்லாமல் போன தொகுதி, ஓயாத கேள்விகள்

ஸ்காபரோ ரூஜ் றிவர் என்ற, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத் தொகுதி 1999 தேர்தலில் பிறந்து 2018 தேர்தலில் இல்லாமல் போனது. அதன் எல்லைக்குள் பிள்ளைகளை வளர்த்தவள், மூன்று தேர்தலில் வாக்குச்சாவடி மேசைக்குப் பின்னால் இருந்து வேலை பார்த்தவள், வீட்டுக்கு வந்த துண்டுப்பிரசுரம் ஒன்றையும் எறியாமல் சப்பாத்துப் பெட்டிக்குள் போட்டு வைத்திருப்பவள். அதைப் பற்றி நீங்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல எனக்கிருக்கும் தகுதி அவ்வளவுதான்.

கேட்பதற்கு முதல் ஒரு விண்ணப்பம். இந்தப் பெயரில் மூன்று சாமான் இருந்தது. ஒட்டாவாவுக்கு ஆள் அனுப்பும் மத்திய தொகுதி ஒன்று, குயின்ஸ் பார்க்குக்கு, அதாவது மாகாணசபைக்கு, ஆள் அனுப்பும் மாகாணத் தொகுதி ஒன்று, ரொறன்ரோ நகரசபையின் 41, 42 ஆம் வட்டாரங்கள் இன்னொன்று. நான் பேச வந்தது நடுவில் உள்ளதைப் பற்றி. மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டாதீர்கள்.

மல்வேர்ன்காரன்: அக்கா, தொகுதி எங்கிருந்து எங்கே வரை? ஏன் இல்லாமல் போனது?

401 நெடுஞ்சாலைக்கு வடக்கே, ஸ்டீல்ஸ் வீதி வரை, ரொறன்ரோ நகரத்தின் வடகிழக்கு மூலை. மல்வேர்ன், மில்லிக்கன், அஜின்கோர்ட்டின் ஒரு பகுதி எல்லாம் இதற்குள். மார்க்கம் வீதியில் மஜெஸ்டிக் சிற்றிக்குச் சேலை வாங்கப் போனவர்கள் எல்லாரும் இந்தத் தொகுதி மண்ணை மிதித்தவர்கள்தான்.

பிறந்த கதை: மைக் ஹரிஸின் கொன்சவேட்டிவ் மாகாண அரசு 1996 இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பெயரே 'குறைந்த அரசியல்வாதிகள் சட்டம்', நான் பகிடி விடவில்லை. மாகாணத்தில் இருந்த 130 தொகுதிகளை 103 ஆக்கி, மத்திய தொகுதிகளின் எல்லையையும் பெயரையும் அப்படியே மாகாணத்துக்கும் போட்டார்கள். அதுவரை மாகாணத்தில் 'ஸ்காபரோ நோர்த்' என்று இருந்ததன் இடத்துக்கு மத்திய தொகுதியின் பெயரான 'ஸ்காபரோ ரூஜ் றிவர்' வந்தது. உங்களுக்கெல்லாம் குழப்பம் தொடங்கியது அன்றைக்குத்தான்.

மறைந்த கதை: மத்திய எல்லைகள் 2015 தேர்தலுக்கு மாறின, மாகாணம் 2018 இல் அதைப் பின்பற்றியது. பழைய தொகுதி ஸ்காபரோ நோர்த், ஸ்காபரோ ரூஜ் பார்க் என்று பிரிந்தது, மல்வேர்ன் இரண்டுக்கும் பங்கு போனது. 'ஸ்காபரோ நோர்த்' என்ற பெயர் இரண்டாம் முறை வந்திருக்கிறது, ஆனால் எல்லை பழையது அல்ல. பழைய ஸ்காபரோ நோர்த்தின் முடிவையும் புதிய ஸ்காபரோ நோர்த்தின் முடிவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

புதுசா வந்தவன்: நான் பிஆர் (நிரந்தர வதிவாளர்). மாகாணத் தேர்தலில் வாக்களிக்கலாமா?

இல்லை, தம்பி. கனேடியக் குடியுரிமை வேண்டும், 18 வயது வேண்டும், ஒன்ராறியோவில் குடியிருக்க வேண்டும்.

பழைய கடதாசி: 1999 க்கு முன்னர் யார் யார்? லிபரல் கோட்டை என்று சொல்கிறார்களே, அது எப்போதிருந்து?

இப்படிக் கேட்டால் விடிய விடியச் சொல்லலாம்.

ஸ்காபரோ நோர்த் 1963 இல் தொடங்கியது. அப்போது அது கோட்டைதான், ஆனால் கொன்சவேட்டிவ் கோட்டை. தோமஸ் வெல்ஸ் 1963 முதல் 1985 வரை அங்கே உறுப்பினர். எழுபதுகளில் கல்வி அமைச்சர். 1977 இல் ஒன்ராறியோவில் 'மரபுமொழி' வகுப்புத் திட்டம் வந்தது அவர் காலத்தில்தான். உங்கள் பிள்ளை சனிக்கிழமை காலையில் முணுமுணுத்துக்கொண்டு தமிழ் வகுப்புக்குப் போகிறதே, பள்ளிக்கூடச் சபைகள் நடத்தும் அந்த வகுப்புகளின் வேர் அந்தத் திட்டம். இங்கே தமிழர் கூட்டமாக வந்து சேர்வதற்கு முன்னரே போட்ட விதை அது. ஸ்காபரோவில் அவர் பெயரிலேயே ஒரு ஆரம்பப் பள்ளி இருக்கிறது. பிள்ளையை இறக்கிவிட்டு வரும் எத்தனை பேருக்கு அந்த வெல்ஸ் யாரென்று தெரியும்?

1985 இல் வெல்ஸ் விலக, லிபரல் கட்சியின் அல்வின் கேர்லிங் வந்தார். யமேக்காவில் பிறந்தவர். டேவிட் பீற்றர்சன் அரசில் வீடமைப்பு அமைச்சரானபோது ஒன்ராறியோவின் முதல் கறுப்பின அமைச்சர் என்ற பெயர் அவருக்கு. 1990 இல் பொப் ரேயின் என்டிபி (புதிய ஜனநாயகக் கட்சி) அலை அடித்தபோதும் விழவில்லை, 1995 இல் ஹரிஸ் அலை அடித்தபோதும் விழவில்லை.

அந்த 1995 டிசம்பரில் நடந்ததைச் சொல்லாமல் விட மாட்டேன். ஹரிஸ் அரசு 'பில் 26' என்று ஒரு தடித்த சட்டமூலம் கொண்டுவந்தது. மருத்துவமனைகளை மூடும் அதிகாரம் உட்பட ஏகப்பட்ட விஷயத்தை ஒரே மூட்டையாகக் கட்டி, பொதுமக்கள் கருத்துக் கேட்க நேரமில்லாமல் தள்ளிவிடப் பார்த்தார்கள். சபையில் கேர்லிங் வாக்களிக்க மறுத்தார். வெளியே போ என்று உத்தரவு வந்தது, அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. எதிர்க்கட்சி ஆட்கள் அவரைச் சுற்றி வேலி போல நின்றுவிட்டார்கள், காவலர் நெருங்க முடியவில்லை. இரவு முழுக்க அப்படியே. கடைசியில் அரசு இறங்கிவந்து கருத்துக் கேட்கும் அமர்வுகளுக்கு ஒத்துக்கொண்டது. அதே மனிதர் 2003 இல் சபாநாயகராகி மற்றவர்களை ஒழுங்காக இருக்கச் சொன்னார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

அப்போ லிபரல் கோட்டை 1985 முதல் 2016 வரை. முப்பத்தொரு வருடம்.

யோகி: அக்கா, முதல் தமிழ் எம்பிபி (மாகாணசபை உறுப்பினர்) ராதிகா சிற்சபைஈசன் தானே? அதே ரூஜ் றிவர்.

இதைத்தான் மேலே சொன்னேன். ராதிகா 2011 மே மாதம் என்டிபியில் வென்றது மத்திய தொகுதியில். அவர் கனடாவின் முதல் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர், ஒட்டாவா. மாகாணத்தின் ரூஜ் றிவர் தொகுதியில் தமிழர் எவரும் வென்றதே இல்லை. மாகாணசபைக்குத் தமிழர் முதலில் போனது 2018 ஜூனில்: ரூஜ் பார்க்கில் விஜய் தணிகாசலம், மார்க்கம் தோர்ன்ஹில்லில் லோகன் கணபதி. இரண்டு பேரும் கொன்சவேட்டிவ், ஒரே இரவில்.

வேலை அனுமதி: வேர்க் பெர்மிட்டில் இருக்கிறேன், வரி கட்டுகிறேன், வாக்கு உண்டா?

இல்லை.

குயின்ஸ் பார்க் ரசிகன்: கேர்லிங் ஏன் இடையில் போனார்? பால்கிசூன் எப்படி வந்தார்?

கேர்லிங்கை டொமினிக்கன் குடியரசுக்குத் தூதுவராக 2005 இல் மத்திய அரசு அனுப்பியது. 2005 நவம்பரில் இடைத்தேர்தல், நகரசபையில் இருந்த பாஸ் பால்கிசூன் லிபரல் சார்பில் வென்றார். மனிதர் வெறும் பெயருக்கு வந்தவர் இல்லை. ரொறன்ரோ நகரசபை கணினிகளை வாடகைக்கு எடுத்ததில் 43 மில்லியன் டொலருக்கு அனுமதித்த கணக்கு 85 மில்லியன் வரை ஊதிப்போன விவகாரத்தைக் கிண்டி எடுத்தவர் அவர். அதுதான் பிறகு நீதிபதி பெல்லமி தலைமையில் பெரிய விசாரணையாகப் போனது.

2007 இல் பாதிக்கும் மேலான வாக்கில் சுலபமாக வென்றார். அதற்குப் பிறகுதான் தரை ஆடத் தொடங்கியது. 2011 மே மாதம் ராதிகா வென்ற சூடு ஆறுவதற்குள் ஒக்ரோபரில் மாகாணத் தேர்தல், என்டிபியில் நீதன் சாண் கிட்ட வந்து நின்றார். 2014 இல் பால்கிசூன் சுமார் 39 வீதம், நீதன் 31, கொன்சவேட்டிவ் கட்சியின் ரேமண்ட் சோ 28. அன்றிரவு பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் ஒவ்வொரு வாக்குச்சீட்டையும் விரித்துக் கட்சி முகவர்களுக்குக் காட்டி அடுக்கிக்கொண்டிருந்தோம். மூன்று அடுக்கும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் ஏறுவதைப் பார்த்து ஒரு முகவர் பொடியன் நகத்தைக் கடித்துத் துப்பியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. 2007 இல் அதே வேலை செய்தபோது ஒரு அடுக்குத்தான் வளர்ந்துகொண்டே போனது.

வடமராட்சி: ஊரில் போல விருப்பு வாக்கு இங்கே இல்லையா?

இல்லை. ஒரு பெட்டியில் ஒரு புள்ளடி, கூட வாங்கியவர் வென்றார், கதை முடிந்தது. மாற்றுவதற்கு ஒரு தடவை வாய்ப்பு வந்தது. தொகுதிக்கு ஒருவராக 103 சாதாரண குடிமக்களைக் குலுக்கல் முறையில் எடுத்து ஒரு பேரவை கூட்டினார்கள். அவர்கள் பரிந்துரைத்த கலப்பு விகிதாசார முறையை 2007 ஒக்ரோபர் தேர்தலோடு சேர்த்து மக்களிடம் கேட்டார்கள். 63 வீதம் பேர் வேண்டாம் என்றார்கள். பாதிப் பேருக்கு என்ன கேட்கிறார்கள் என்றே விளங்கவில்லை என்பது என் மேசையில் நான் பார்த்தது.

கணக்கு வாத்தியார்: 2016 இடைத்தேர்தலில் இரண்டு தமிழரை நிறுத்தி வாக்கைப் பிரித்துத்தானே சோ வென்றார்? 29 + 27 = 56. இதற்கு மேல் என்ன கணக்கு?

வந்துவிட்டதா. இதற்காகத்தான் இன்றைக்கு இரண்டு தேத்தண்ணி குடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

தெரியாதவர்களுக்கு: 2016 மார்ச்சில் பால்கிசூன் பதவியை விட்டார். செப்டெம்பர் 1 இல் இடைத்தேர்தல். லிபரலில் பிரகல் திரு, என்டிபியில் நீதன் சாண், இருவரும் தமிழர், கொன்சவேட்டிவில் சோ. முடிவு ஏறத்தாழ சோ 39 வீதம், திரு 29, நீதன் 27. 2003 இல் ஸ்காபரோவை முழுக்க இழந்த கொன்சவேட்டிவ் கட்சி மறுபடி அங்கே காலடி வைத்தது அன்றைக்குத்தான்.

வாத்தியார், முதல் பிழை: 29 ஐயும் 27 ஐயும் கூட்டிவிட்டு அதற்குத் 'தமிழ் வாக்கு' என்று பெயர் வைக்கிறீர்கள். வாக்குச்சீட்டில் தாய்மொழி கேட்கும் பெட்டி இல்லை. சீனர், தென்னாசியர், கறுப்பினத்தவர், பிலிப்பினோக்கள் என்று பத்துக்கு ஒன்பது பேர் சிறுபான்மை இனத்தவராக இருந்த தொகுதி இது. லிபரலுக்கு வந்த 29 இல் கேர்லிங் காலத்திலிருந்து லிபரலுக்கே போட்டுப் பழகிய யமேக்கா ஆச்சி எத்தனை பேர், உங்களுக்குத் தெரியுமா?

இரண்டாவது பிழைதான் பெரியது. வீதத்தைப் பார்க்காதீர்கள், எண்ணிக்கையைப் பாருங்கள். 2014 இல் சோ சுமார் 11,500 வாக்கு வாங்கி மூன்றாவதாக வந்து தோற்றார். 2016 இல் பத்தாயிரத்துக்கும் குறைவாக வாங்கி வென்றார். திரும்ப வாசியுங்கள்: தோற்றபோது வாங்கியதைவிடக் குறைய வாங்கி வென்றார். லிபரல் வாக்கு பதினாறாயிரம் அளவிலிருந்து ஏழாயிரம் அளவுக்கு விழுந்தது. என்டிபி கிட்டத்தட்டப் பாதியானது. சோவின் ஆட்கள் வந்தார்கள், மற்றவர்கள் வீட்டில் இருந்துவிட்டார்கள். தொழிலாளர் தின நீண்ட வார இறுதிக்கு முதல் வியாழக்கிழமை அது, பாதிச் சனம் பள்ளிக்கூடச் சாமான் வாங்கக் கடையில் நின்றிருக்கும்.

சோவையும் குறைத்து நினைக்காதீர்கள். 1991 முதல் நகர அரசியலில் இருந்தவர், அந்தப் பகுதியில் கதவு தட்டாத வீடு இல்லை. 1988 இல் இதே பெயருள்ள மத்திய தொகுதியில் என்டிபியாக நின்றார், 2004 இல் அங்கேயே சுயேச்சையாக நின்றார், 2014 இல் மாகாணத்தில் கொன்சவேட்டிவாக நின்றார். எல்லாவற்றிலும் தோற்று 79 வயதில் வென்றார். கட்சி மாறியதைப் பற்றி நீங்கள் என்னவும் சொல்லுங்கள், விடாப்பிடியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கணக்கு வாத்தியார்: சரி, வராதவர்கள் ஏன் வரவில்லை? தமிழனும் தமிழனும் மோதுவதைப் பார்த்து வெறுத்துத்தான் வரவில்லை!

அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டு முற்றத்தில் தகப்பன் வைத்த லிபரலின் சிவப்புப் பலகையும் மகள் வைத்த என்டிபியின் செம்மஞ்சள் பலகையும் ஒன்றாக நின்றன. தாய் இரண்டு பக்கமும் கோபித்துக்கொண்டு வாக்களிக்கவே போகவில்லை. அப்படிச் சில வீடுகள். ஆனால் லிபரல் இழந்த ஒன்பதாயிரத்தை அப்படி விளக்க முடியாது. பதின்மூன்று வருட லிபரல் ஆட்சி, ஏறிய மின்கட்டணம், 2015 இல் வந்த பாலியல் கல்விப் பாடத்திட்டம் மேல் இருந்த கோபம், இவையெல்லாம் கதவு தட்டப் போன எல்லாருக்கும் கேட்டது.

கறிவேப்பிலை: அக்கா, அந்தப் பாடத்திட்டக் கடிதம் என்ன கதை?

கொன்சவேட்டிவ் தலைவர் பற்றிக் பிரவுன் பெயரில் தொகுதிக்குள் ஒரு கடிதம் போனது, ஆட்சிக்கு வந்தால் அந்தப் பாடத்திட்டத்தை இரத்து செய்வோம் என்று. சில நாளிலேயே, வாக்குப்பதிவுக்கு முன்னரே, அந்தக் கடிதம் பிழை, இரத்து செய்ய மாட்டேன் என்று பிரவுனே பத்திரிகையில் எழுதினார். பாடத்திட்டத்தை எதிர்த்து மட்டுமே நின்ற சுயேச்சை ஒருவரும் இருந்தார், சில நூறு வாக்குகள்தான். ஆகவே 'கடிதத்தால்தான் வென்றார்' என்று கிளம்புபவர்களுக்கும் என் பதில் அதேதான்: ஒரே காரணம் தேடாதீர்கள்.

மார்க்கம் மாமா: பிரித்துத்தான் தோற்றார்கள். எத்தனை பக்கம் எழுதினாலும் அதுதான் உண்மை.

அப்போ 2018 ஐ எனக்கு விளக்குங்கள், மாமா. ரூஜ் பார்க்கில் விஜய் தணிகாசலம் தமிழர், லிபரல் வேட்பாளரும் தமிழர், என்டிபி வேட்பாளர் தமிழர் அல்ல. உங்கள் கணக்குப்படி தமிழ் வாக்கு இரண்டாக உடைந்து என்டிபி வென்றிருக்க வேண்டும். ஆயிரத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில் வென்றது விஜய். 2014 ஐயும் எடுங்கள்: மூன்று பெரிய கட்சியில் நீதன் மட்டும்தான் தமிழர், பிரிக்க ஆளே இல்லை, தோற்றார். 2011 உம் அதே கதை. உங்கள் விதி எனக்குத் தெரிந்து ஒரே ஒரு தேர்தலுக்குத்தான் பொருந்துகிறது, அதுவும் எண்ணிக்கையைப் பார்க்காவிட்டால்.

மார்க்கம் மாமா: ஆனாலும் ஒரே ஆளை நிறுத்தியிருக்கலாம்.

யார் நிறுத்துவது? லிபரல் தன் ஆளைத் தன் உறுப்பினரிடம் கேட்டுத் தெரிவு செய்யும், என்டிபி தன் ஆளை. இது கோயில் நிர்வாகசபை இல்லை, எல்லாரும் ஒரு மண்டபத்தில் இருந்து ஒருவரைத் தீர்மானிக்க. வேட்பாளர் தெரிவில் போய்க் கை உயர்த்துங்கள், நான் அங்கே மாமா மாதிரி ஆட்களைக் கண்டதே குறைவு. சரி, இதோடு 2016 முடிந்தது. இதைப் பற்றி இனி வரும் கேள்விக்குப் பதில் இல்லை.

சக்கரம்: ஸ்காபரோ ரயில் எப்போது வரும்?

பழைய ஆர்.ரி. ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்டு அதோடு மூடியாயிற்று. புதியது எப்போது என்று கட்டுகிறவர்களைக் கேளுங்கள். நான் வாக்கு எண்ணுகிறவள்.

கணக்கு வாத்தியார்: 2016 பற்றி ஒரே ஒரு...

இல்லை.

நிலானி: ஆன்ரி, எனக்கு யாரையும் பிடிக்கவில்லை. ஊரில் நோட்டா என்கிறார்களே, இங்கே இருக்கிறதா?

நோட்டா எங்கள் ஊரில் இல்லை, பிள்ளை, அது இந்தியாவில். ஆனால் நல்ல கேள்வி. ஒன்ராறியோ மாகாணத் தேர்தலில் வாக்குச்சீட்டை வாங்கி 'நான் மறுக்கிறேன்' என்று அதிகாரியிடம் திருப்பிக் கொடுக்கலாம். அதைப் பழுதான சீட்டோடு சேர்க்காமல் தனியாக எண்ணுவார்கள். 2014 இல் மாகாணம் முழுக்க 31 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அப்படிச் செய்தார்கள். மத்திய தேர்தலில் இந்த வசதி இல்லை, அங்கே போய்க் கேட்டு அந்தப் பிள்ளைகளோடு சண்டை பிடிக்காதீர்கள். ஆன்ரி என்று கூப்பிட்டதை இந்த ஒரு தடவை விட்டுவிடுகிறேன்.

றூச் குடியிருப்பாளன்: அதை எப்படி உச்சரிப்பது? றூச்சா, ரூஜ்ஜா?

ரூஜ். பிரெஞ்சில் சிவப்பு.

புதுமனை: இப்போது நான் எந்தத் தொகுதி? அஞ்சல் ஒன்றில் ரூஜ் பார்க், இன்னொன்றில் கில்ட்வூட் ரூஜ் பார்க்.

இரண்டும் சரி. 2025 இலிருந்து மத்திய எல்லைகள் மறுபடி மாறின, மாகாணம் இம்முறை பின்தொடரவில்லை, 124 தொகுதிகளோடு 2018 எல்லையிலேயே நிற்கிறது. ஆகவே கரி ஆனந்தசங்கரி ஒட்டாவாவில் இருப்பது கில்ட்வூட் ரூஜ் பார்க்குக்கு, விஜய் குயின்ஸ் பார்க்கில் இருப்பது ரூஜ் பார்க்குக்கு. பக்கத்தில் ஸ்காபரோ நோர்த்தில் சோ 2025 பெப்ரவரிப் பனிக்குள்ளும் வென்றார், 88 வயதில். உங்கள் தபால் குறியீட்டை எலெக்ஷன்ஸ் ஒன்ராறியோ தளத்தில் போட்டால் மாகாணத் தொகுதி வரும். எலெக்ஷன்ஸ் கனடா தளத்தில் போட்டால் மத்திய தொகுதி வரும். மாறிப் போட்டுவிட்டு என்னிடம் வராதீர்கள்.

அகதி முகவரி: பிஆர் கிடைத்து ஐந்து வருடம். வாக்கு...

மேலே. இரண்டு தடவை.

பழைய கடதாசி: அந்தச் சப்பாத்துப் பெட்டியை ஏதாவது ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கலாமே, அக்கா?

கொடுக்கத்தான் இருக்கிறேன், ஒரு சாமான் குறைகிறது. 2016 ஓகஸ்டில் வந்த அந்தப் பிரவுன் கடிதம். எங்கள் வீட்டுக்கு வந்ததை மனுசன் மீன் வெட்டும்போது செதில் படாமல் மேசையில் விரித்து, முள்ளோடு சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டார். மல்வேர்ன் பக்கம் யாருடைய லாச்சிக்குள்ளாவது ஒன்று கிடந்தால் எறிந்துவிடாதீர்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.